ஃப்ரிட்ஜுக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட காந்தம்

காந்தத் தொழில்நுட்பம் சுற்றுச்சூழலைக் காப்பாற்றும், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்லும் கட்டுரைகளை ஐந்தாறு வருடங்களாகச் சேர்த்து வைத்துப் படித்து வருகிறேன். தமிழிலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. எழுதியவர்கள் வேறு வேறு, வார்ப்பு மட்டும் ஒன்றுதான். மேக்லெவ் ரயில், காற்றாலை, மின்சாரக் கார் என்று வேகமாக ஒரு சுற்று வருவார்கள். அப்புறம் கதாநாயகன் மேடையேறுவார்: காந்தக் குளிர்சாதனப் பெட்டி. கம்ப்ரசர் கிடையாது, வாயு கிடையாது, சத்தம் கிடையாது, மின்சாரத்தில் 20 முதல் 30 சதவீதம் மிச்சம். இன்னும் சில ஆண்டுகளில் நம் வீட்டுக்கு வந்துவிடும்.

அந்த "சில ஆண்டுகள்"தான் என்னை உட்கார்ந்து கணக்குப் போட வைத்தது. ஏனென்றால் 1998-ல் எழுதிய கட்டுரையிலும் அதுதான் இருக்கிறது, 2014-லும் அதுதான், இப்போதும் அதுதான். மென்பொருள் வேலையில் இப்படி நகர்ந்துகொண்டே போகும் தேதியைப் பார்த்தால், யாரோ பொய் சொல்கிறார் என்று நினைக்க மாட்டோம். வேலையின் அளவையே தப்பாக எடை போட்டிருக்கிறார்கள் என்று நினைப்போம். இங்கேயும் எனக்குத் தோன்றுவது அதுதான்.

முதலில் தத்துவத்தைப் பார்த்துவிடலாம், அதில் பிழை இல்லை. ஒரு ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், லேசாகச் சுடும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் பிறகு தளர்த்தினால் சில்லென்று இருக்கும். சில உலோகங்களைக் காந்தப் புலத்துக்குள் நுழைத்து வெளியே எடுத்தால் இதே மாதிரி நடக்கிறது. உள்ளே போனதும் சூடாகும், அந்தச் சூட்டை நீர் ஓட்டி வெளியேற்றிவிட்டு வெளியே எடுத்தால், ஆரம்பித்த நிலையை விடக் குளிர்ந்து நிற்கும். இதுதான் காந்தவெப்ப விளைவு. அறை வெப்பநிலையில் இதற்கு உகந்த தனிமம் கடோலினியம். அதன் கியூரி வெப்பநிலை ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸ். அந்தப் புள்ளியை ஒட்டித்தான் விளைவு உச்சத்தில் இருக்கும்.

இந்த விளைவை 1881-ல் ஜெர்மானியர் எமில் வார்பர்க் கண்டுபிடித்தார் என்று என்னிடம் உள்ள கட்டுரைகளில் பெரும்பாலானவை சொல்கின்றன. வார்பர்க் ஆராய்ந்தது வேறு விஷயம்: இரும்பைத் திரும்பத் திரும்பக் காந்தமாக்கும்போது காந்தத் தயக்கத்தால் வீணாகும் ஆற்றல். போனால் திரும்பி வராத சூடு அது. திரும்பப் பெறக்கூடிய இந்த விளைவை நிக்கலில் கண்டவர்கள் பியர் வைஸும் ஒகுஸ்த் பிக்காரும், 1917-ல். டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஸ்மித் 2013-ல் பழைய தாள்களைத் தோண்டி எடுத்து இதை விரிவாக எழுதிவிட்டார். ஆனாலும் வார்பர்க் கதை ஒரு கட்டுரையிலிருந்து அடுத்த கட்டுரைக்கு ஒட்டிக்கொண்டு வருகிறது. சின்ன விஷயம்தான். ஆனால் மூலத்தைத் திறந்து பார்க்காமல் எழுதுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. ஆண்டைச் சரிபார்க்காதவர் சதவீதத்தையும் சரிபார்த்திருக்க மாட்டார்.

அந்த சதவீதத்துக்கு வருவோம்.

1976-ல் நாசாவில் ஜெரால்டு பிரவுன் கடோலினியத்தை வைத்து 47 டிகிரி வித்தியாசத்தை உண்டாக்கிக் காட்டினார். அவர் பயன்படுத்தியது 7 டெஸ்லா மீக்கடத்திக் காந்தம். 1997-ல் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் பெச்சார்ஸ்கியும் க்ஷ்னைட்னரும் கடோலினியம், சிலிக்கான், ஜெர்மானியம் சேர்ந்த கலவையில் இந்த விளைவு பல மடங்கு பெரிதாக இருப்பதைக் கண்டார்கள். அதே காலத்தில் ஏம்ஸுடன் சேர்ந்து ஆஸ்ட்ரோநாட்டிக்ஸ் நிறுவனம் கட்டிய மாதிரி இயந்திரம் கார்னோ எல்லையில் 60 சதவீதத்தை நெருங்கியது என்று அறிவிக்கப்பட்டது. கார்னோ எல்லை என்பது எந்தக் குளிர்விப்பு இயந்திரமும் தாண்ட முடியாத கோட்பாட்டு உச்சம். "கம்ப்ரசர் 40 தொடும், காந்தம் 60 தொடும்" என்று இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பீட்டின் பிறப்பிடம் இதுதான்.

அந்த 60 எப்படி வந்தது? 5 டெஸ்லா மீக்கடத்திக் காந்தத்தில், வெப்பநிலை வித்தியாசம் சிறியதாக இருந்தபோது. மீக்கடத்திக் காந்தத்தைக் குளிரில் வைத்திருக்கும் செலவு தனிக் கணக்கு. யாரும் சமையலறையில் மீக்கடத்தியை வைக்கப் போவதில்லை, நிலைக்காந்தம்தான் வைக்க முடியும். அப்படியானால் கிடைப்பது 1 டெஸ்லா, மிகச் சாமர்த்தியமாக அடுக்கினால் ஒன்றரை. 1 டெஸ்லா புலத்தில் கடோலினியம் ஏறி இறங்குவது சுமார் 3 டிகிரி மட்டுமே.

இப்போது நம் ஊர்ச் சமையலறைக்கு வாருங்கள். மே மாதம், உள்ளே 40 டிகிரி. ஃப்ரீசர் மைனஸ் 18. தாண்ட வேண்டிய பள்ளம் 58 டிகிரி. கையில் இருக்கும் ஏணி 3 டிகிரி. கான்கிரீட் போடும் இடத்தில் கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மாடிக்கு ஏறுமே, அந்த மாதிரிதான் ஏற்ற வேண்டும். வெவ்வேறு கியூரி வெப்பநிலை கொண்ட உலோக அடுக்குகளை வரிசையாக வைத்து, நடுவே நீரை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிச் சூட்டைக் கைமாற்றுவார்கள். 2014-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் அறிவித்த மாதிரியில் இப்படி 50 படிகள் இருந்தன. ஏறக்குறைய 44 டிகிரி இறக்கினார்கள். உண்மையிலேயே அருமையான பொறியியல்.

ஆனால் சட்டி கைமாறும்போது ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சிந்தும். நீரைத் தள்ளும் பம்ப்பின் ஆற்றல், குறுகிய இடுக்குகளில் அழுத்த இழப்பு, உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தால் வரும் சூடு, காந்தத்தைச் சுழற்றும் மோட்டாரின் இழப்பு. இவையெல்லாம் வித்தியாசம் கூடக் கூடப் பெரிதாகும். கார்னோவில் 60 என்பது பத்து டிகிரி வித்தியாசத்தில் கிடைப்பது ஒரு கதை, ஐம்பத்தெட்டில் கிடைப்பது வேறு கதை. கட்டுரைகள் முதல் கதையின் எண்ணை எடுத்து இரண்டாவது கதையில் ஒட்டுகின்றன. அதுவும் ஆய்வகத்துக் காந்தத்தின் உச்சத்தை, கடையில் விற்கும் கம்ப்ரசரின் சராசரியோடு ஒப்பிட்டு.

2014-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் சொன்னது, பத்தாண்டு முடிவதற்குள் சந்தைக்கு வரலாம், 20 சதவீதம் மிச்சமாகும் என்று. 2015 ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் ஹையர், பிஏஎஸ்எஃப், ஆஸ்ட்ரோநாட்டிக்ஸ் மூவரும் சேர்ந்து ஒரு காந்த ஒயின் குளிர்விப்பானைக் காட்டினார்கள். ஒயின் குளிர்விப்பான் என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பத்துப் பன்னிரண்டு டிகிரி போதும், ஃப்ரீசர் தேவையில்லை. ஏணி எட்டும் உயரத்தில்தான் மாடி கட்டினார்கள், அது தப்பில்லை. அடுத்த ஆண்டே ஜெனரல் எலெக்ட்ரிக்கின் வீட்டுச் சாதனப் பிரிவை ஹையர் வாங்கியது. ஆக, இரண்டு முயற்சிகளும் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டன. இன்றும் உங்கள் தெருமுனைக் கடையில் ஹையர் விற்பது கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ்தான்.

"வாயு கிடையாது" என்ற வாதத்தைத்தான் நான் ரொம்ப நாள் வலுவானது என்று நினைத்து மேலும் படித்தேன். ஆர்134ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், இதை ஒழிப்பது பெரிய விஷயம் இல்லையா? பெரிய விஷயம்தான். ஆனால் அதை ஏற்கெனவே ஒழித்துவிட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் கிரீன்பீஸ் அமைப்பும் கிழக்கு ஜெர்மனியின் பழைய தொழிற்சாலை ஒன்றும் சேர்ந்து, ஹைட்ரோகார்பன் வாயுவில் ஓடும் ஃப்ரிட்ஜைக் கொண்டுவந்தார்கள். உங்கள் ஃப்ரிட்ஜின் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். சில வருடங்களுக்குள் வாங்கியதென்றால் பெரும்பாலும் ஆர்600ஏ என்று இருக்கும், அதாவது ஐசோபியூட்டேன். நம் சமையல் கேஸின் சொந்தக்காரன். புவி வெப்பமாக்கும் திறன் சுமார் 3. உள்ளே இருப்பது ஐம்பது கிராம் சுற்றளவில். இதை நீக்கிக் கிடைக்கும் சுற்றுச்சூழல் லாபம் ஏறக்குறைய பூஜ்யம். ஏசிக்கு இந்த வாதம் இன்னும் பொருந்தும், ஏனென்றால் ஆர்32 வாயுவின் எண் 675. ஆனால் ஒன்றரை டன் ஏசி என்பது 5 கிலோவாட்டுக்கு மேல் குளிர்விக்க வேண்டிய வேலை. காந்த முறைக்கு அது இன்னும் எட்டாத உயரம்.

இதே கட்டுரைகளில் கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கும் ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: பெட்ரோல் குழாயில் மாட்டினால் மைலேஜ் கூட்டும் காந்தம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இந்த வகைச் சாதனங்களைச் சோதித்துப் பலன் இல்லை என்று சொல்லிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. பெட்ரோல் காந்தத்தை மிக மிக லேசாக விலக்கும் பொருள், அவ்வளவுதான். மூலிகை பெட்ரோலைப் பார்த்துவிட்ட நாம் இதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். என் புகார், இதையும் கடோலினியத்தையும் ஒரே பட்டியலில் வைப்பது பற்றி. ஒன்று மோசடி, மற்றது நேர்மையான ஆராய்ச்சி, தேதிதான் தவறு. படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் நஷ்டம் ஆராய்ச்சிக்குத்தான்.

இந்தக் கட்டுரைகள் எதிர்காலக் காந்தத்தைத் தேடும் அவசரத்தில் தவறவிடுவது, காந்தம் ஃப்ரிட்ஜுக்குள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதை. ஒரு முறையல்ல, இரண்டு முறை.

முதல் முறை கதவு வழியாக. அந்தக் காலத்து ஃப்ரிட்ஜ்களுக்குக் கொக்கி போட்ட கதவு இருந்தது. வெளியே போட்ட பழைய பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்தார்கள். 1956-ல் அமெரிக்கா, உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும்படிதான் கதவு இருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. அதற்கு உற்பத்தியாளர்கள் கண்ட விடைதான் ரப்பருக்குள் ஃபெரைட் பட்டை வைத்த கேஸ்கெட். உயிரைக் காக்க வந்த காந்தம், கதவைச் சுற்றிலும் சீராக ஒட்டி நின்று குளிரையும் காத்தது. ஒரு மில்லி மின்சாரமும் கேட்காமல். பழைய ஃப்ரிட்ஜ் என்றால் ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கேஸ்கெட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை மாற்றும் செலவில் கிடைக்கும் மிச்சத்தை எந்தக் காந்தக் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை.

இரண்டாம் முறை, யாரை விரட்டப் போவதாகச் சொன்னார்களோ அந்தக் கம்ப்ரசருக்குள்ளேயே. "இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ்" என்று விற்கிறார்களே, அதன் கம்ப்ரசரைச் சுழற்றுவது நிலைக்காந்தம் பதித்த மோட்டார். பழைய இண்டக்‌ஷன் மோட்டாரில், சுழலும் பாகத்துக்குள் மின்னோட்டத்தைத் தூண்டித்தான் அதைக் காந்தமாக்க வேண்டும். அந்த மின்னோட்டம் சூடாக வீணாகும். அங்கே ஒரு நிலைக்காந்தத்தை வைத்துவிட்டால் அந்தச் செலவு மிச்சம். ஆனால் பெரிய லாபம் இதிலும் இல்லை, வேகத்தில் இருக்கிறது. பழைய கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். புதியது மெதுவாக, நிறுத்தாமல் ஓடும். மெதுவாக ஓடினால் பின்பக்கக் குழாய்க்குச் சூட்டை வெளியேற்ற நேரம் கிடைக்கிறது, தாண்ட வேண்டிய பள்ளமே கொஞ்சம் சுருங்குகிறது. இப்படி வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு சின்னச் சில்லு, அதற்குள் ஒரு நிரல். சுருளில் எதிர்த்து எழும் மின்னழுத்தத்தைப் படித்துக் காந்தம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஊகித்து, அடுத்த சுருளுக்கு மின்சாரத்தை மாற்றிவிடும். என் தொழில் பாசம் பேசுகிறது என்று நினைத்தாலும் பரவாயில்லை: இங்கே மிச்சம் பிடிப்பதில் காந்தத்துக்குப் பாதி, நிரலுக்குப் பாதி.

இதே மோட்டார்தான் பிஎல்டிசி மின்விசிறியிலும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், பிஎல்டிசி 30 வாட் சுற்றளவு. ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 162 யூனிட் மிச்சம். ஒரே ஒரு ஃபேனில். இப்போது காந்த ஃப்ரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ஃப்ரிட்ஜ் ஒன்று வருடத்துக்கு 200 யூனிட் எடுக்கிறது என்று வைப்போம். வாக்களித்த 20 சதவீதம் முழுதாகக் கிடைத்தாலும் 40 யூனிட். அதாவது வராத ஃப்ரிட்ஜ் வந்தே விட்டாலும், அது தருவது ஒரு ஃபேன் தருவதில் கால்வாசி. இந்தியாவில் மின்விசிறிக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமானது 2023 ஜனவரியில்தான். அதைப் பற்றி வந்த கட்டுரைகளை எண்ணிப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். ஃபேன் சுவாரஸ்யமான பொருள் இல்லை போல.

தெருவில் கம்பத்தில் தொங்கும் டிரான்ஸ்ஃபார்மரும் அப்படித்தான். உள்ளே இருக்கும் இரும்பு ஒரு நொடிக்கு 50 முறை காந்தமாகித் திரும்புகிறது, யாரும் மின்சாரம் எடுக்காத நள்ளிரவிலும். வார்பர்க் 1881-ல் அளந்த அதே இழப்பு. பழைய 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரில் அது ஏறக்குறைய 250 வாட், வருடத்துக்கு 2,190 யூனிட். படிக அடுக்கு இல்லாத உலோகத் தகட்டில் அந்த உள்ளகத்தைச் செய்தால் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஒரு கம்பத்துக்கு 1,400 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஆராய்ச்சி முடிந்து, விற்பனைக்கும் வந்து, பல வருடங்களாகக் கிடைக்கும் பொருள்.

காந்தத்தின் விலையைச் சொல்லாமல் மிச்சத்தை மட்டும் சொல்வது இந்தக் கட்டுரைகளின் அடுத்த குறை. வலுவான நிலைக்காந்தம் என்றால் நியோடிமியம், இரும்பு, போரான் கலவை. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே கண்டது. சூட்டிலும் வலு குறையாமலிருக்க அதில் டிஸ்ப்ரோசியம் சேர்ப்பார்கள். நியோடிமியத்துக்குச் சீனாவின் பயான் ஓபோ சுரங்கம், அதன் கழிவு சேரும் பாவோதோ ஏரி. டிஸ்ப்ரோசியத்துக்கு மியான்மரின் கச்சின் மலைகளில் துளை போட்டு ரசாயனம் ஊற்றிக் கசியவிடுகிறார்கள். 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் உலோகங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டபோது அந்தப் பட்டியலில் டிஸ்ப்ரோசியம் இருந்தது, நம் கதாநாயகன் கடோலினியமும் இருந்தது.

தூரத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பது நூறு வருடத்துக்கு மேல் தெரிந்த விஷயம். கருமணலிலிருந்து அதைப் பிரித்தெடுக்கவும் காந்தத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். மோனசைட்டில் நியோடிமியம் உண்டு, டிஸ்ப்ரோசியம் எடுக்கும் அளவுக்கு இல்லை. கூடவே எட்டிலிருந்து பத்து சதவீதம் தோரியம். கடற்கரைக் கிராமங்களில் சுரங்கத்தை விரிவாக்குவதற்கு எதிர்ப்பு இருப்பது அதனால்தான். அந்த மக்களிடம் போய் "சுற்றுச்சூழலுக்காக" என்று சொல்லிக் காந்தம் கேட்பதென்றால், அதை எதற்குச் செலவழிக்கப் போகிறோம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். காந்த ஃப்ரிட்ஜுக்கு நியோடிமியம் கிலோக்கணக்கில் வேண்டும், மிச்சம் 40 யூனிட். கம்ப்ரசர் மோட்டாருக்குக் கிராம் கணக்கில் போதும். மின்விசிறிகள் பலவற்றில் இருப்பது வெறும் ஃபெரைட், இரும்பு ஆக்ஸைடின் உறவு, அருமண் எதுவும் கலக்காதது. மிச்சம் 162 யூனிட். காற்றாலையில் நேரடிச் சுழற்சி வகைக்கு ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 600 கிலோ காந்தம் போகிறது. ஆனால் ஜெர்மனியின் எனர்கான் நிறுவனம் பல ஆண்டுகள் நிலைக்காந்தமே இல்லாமல் அதே வகைக் காற்றாலையைக் கட்டி ஓட்டிக் காட்டியது. அந்தத் தேர்வும் உண்டு என்பதைச் சொல்லும் கட்டுரை என் சேகரிப்பில் இரண்டோ மூன்றோதான்.

காந்தவெப்ப ஆராய்ச்சியை மூட்டை கட்டச் சொல்லவில்லை. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் மேக்னோதெர்ம் என்ற நிறுவனம் மலிவான லாந்தனம், இரும்பு, சிலிக்கான் கலவையை வைத்துப் பானக் குளிர்விப்பான் செய்கிறது. அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது, ஹைட்ரஜனைத் திரவமாக்கும் வேலை. மைனஸ் 253 டிகிரியில் கம்ப்ரசர்கள் திணறும், மீக்கடத்திக் காந்தமோ அந்தக் குளிரில் தன் வீட்டில் இருப்பதுபோல் இருக்கும். 1933-ல் ஜியோக் இந்த விளைவை வைத்து ஒரு கெல்வினுக்கும் கீழே இறங்கினார், 1949-ல் நோபல் வாங்கினார். இந்த விளைவின் சொந்த ஊர் ஆழ்ந்த குளிர். அதைக் கூட்டிவந்து தயிர்ப் பாத்திரத்துக்குக் காவல் வைப்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

கடைசியாக, எந்தக் கட்டுரையிலும் வராத இடம் ஒன்று இருக்கிறது: காயலான் கடை. இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ்களின் முதல் தலைமுறை இப்போதுதான் அங்கே வந்து சேர ஆரம்பித்திருக்கிறது. கம்ப்ரசரைப் பிளப்பது உள்ளே இருக்கும் செம்புக்காக. காந்தம் பதித்த இரும்பு உருளைக்குத் தனி விலை இல்லை, இரும்போடு இரும்பாக எடைபோட்டு உருக்காலைக்குப் போகிறது. அங்கே நியோடிமியம் கசடோடு கலந்து, திரும்ப எடுக்க முடியாத அளவுக்கு நீர்த்துப் போகும். உலக அளவில் அருமண் உலோகங்களில் மறுசுழற்சிக்கு வருவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஹைட்ரஜன் வாயுவைப் பாய்ச்சிக் காந்தத்தைப் பொடியாக உதிர்த்தெடுக்கும் முறையை பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். கணினி ஹார்டு டிஸ்க்குகளிலிருந்து தொடங்கினார்கள், ஏனென்றால் அதில் காந்தம் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கம்ப்ரசரில் எந்த மாடலில் நியோடிமியம், எதில் ஃபெரைட் என்று வெளியே எங்கேயும் எழுதியிருப்பதில்லை. வாயுவின் பெயரை ஒட்டும் அதே ஸ்டிக்கரில் அதற்கும் ஒரு வரி இடம் இருக்கிறது.